அப்பா என்ன பண்றார்? – வக்கீல் கம்பெனிகள் ஆள் எடுக்கிற லட்சணம்

சட்டத்தின் முன் அனைவரும் சமம். அரசியல் சாசனம், 14வது பிரிவு. இந்த ஒரு வரியை வெச்சு கோர்ட்ல மணிக்கணக்கா வாதாடுறாங்க. ஆனா அப்படி வாதாடுறவங்க தங்களோட ஆபீசுக்குன்னு ஒரு புதுப் பையனையோ பொண்ணையோ வேலைக்கு எடுக்கிறப்ப, அந்தப் பதினாலை வாசல்லயே செருப்போட சேர்த்துக் கழட்டி வெச்சிடுறாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

"பொட்டி தட்டுறவன் நீ, உனக்கு எதுக்குடா வக்கீல் சமாச்சாரம்?"னு கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில். இன்டர்வியூங்கிற கூத்தை மேசைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்த ஆளு நான். அதுவும் போக, எங்க சித்தி பொண்ணு சட்டம் படிச்சிருக்கா. அவ வேலை தேடின கதையைக் கேட்டதுல இருந்து வயித்தெரிச்சல் அடங்கல. எழுதித் தொலைச்சாத்தான் ஆணி புடுங்க முடியும் போல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சட்டம் படிச்சு முடிச்சவங்களுக்கு முன்னாடி பெரும்பாலும் ரெண்டு கதவு. ஒண்ணு, லா ஃபர்ம்னு சொல்ற வக்கீல் கம்பெனி. மும்பை, டெல்லி, பெங்களூர்ல கண்ணாடிக் கட்டடம், ஏசி, மாசச் சம்பளம், அசோசியேட்னு பதவி. இன்னொண்ணு, ஒரு சீனியர் வக்கீலோட சேம்பர். ஐகோர்ட் பக்கத்துல ஒரு சந்து, மாடிப்படி, அலமாரி நிறைய கேஸ் கட்டு, ஜூனியர்னு பேரு. ரெண்டும் ரெண்டு உலகம் மாதிரி தெரியும். ஆனா ரெண்டு கதவுலயும் உள்ள விடுறதுக்கு முன்னாடி கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "நீ யார் வீட்டுப் புள்ள?" முதல் கதவுல அதை இங்கிலீஷ்ல, சிரிச்சுக்கிட்டே, வேற வார்த்தையில கேக்குறாங்க. ரெண்டாவது கதவுல மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. வித்தியாசம் அம்புட்டுதான்.

முதல் கதவு

பெரிய கம்பெனிகளுக்கு ஆள் வர்ற வழி பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்தான். நாட்டுல இப்ப ரெண்டு டஜனுக்கு மேல இருக்கு. நம்ம திருச்சியிலயும் ஒண்ணு இருக்கு. ஆனா கம்பெனிகள் அடிச்சுப் புடிச்சு ஓடுறது அதுலயும் உச்சாணியில இருக்கிற பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தா மாதிரி நாலஞ்சு இடத்துக்குத்தான். அங்க 'டே ஜீரோ'ன்னு ஒரு நாள். மாணவர்கள் படிச்சு முடிக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கும்போதே கம்பெனிகள் வரிசையா வந்து இறங்கி, காலையில இருந்து இன்டர்வியூ நடத்தி, சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பொறுக்கிட்டுப் போயிடும்.

அதுக்கும் முன்னாடி இன்டர்ன்ஷிப்னு ஒண்ணு இருக்கு. ஒரு மாசம் அந்தக் கம்பெனியில போய் வேலை பாத்து, அவங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா, படிக்கும்போதே வேலை உறுதி. அதுக்குப் பேரு பி.பி.ஓ. (நம்ம ஆளுங்க ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கிட்டு பாக்கிற பி.பி.ஓ. இல்ல. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, நான் என்ன பண்ண :-))

கேக்க நல்லாத்தான இருக்கு, திறமையானவங்க இருக்கிற இடத்துக்குப் போய் எடுக்கிறாங்க, இதுல என்ன தப்புன்னு தோணும். இங்கதான் உள்குத்தே இருக்கு.

அந்தப் பல்கலைக்கழகங்களுக்குள்ள போக கிளாட்னு ஒரு நுழைவுத்தேர்வு. 2008ல இருந்து நடக்குது. நடக்கிறது இங்கிலீஷ்ல மட்டும். ரெண்டு மணி நேரம், 120 கேள்வி, நீட்டமான பத்திகளை வேகமா படிச்சு பதில் சொல்லணும். விண்ணப்பக் கட்டணமே சமீப வருஷங்கள்ல 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பெரிய மனசு பண்ணி 3,500. நல்லா கவனிங்க மக்களே, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற ஒரு குடும்பம் பரீட்சை எழுத மட்டும் 3,500 ரூபாய் கட்டணும். கோச்சிங் செலவு தனி. அதையும் தாண்டி உள்ள போனா வருஷக் கட்டணம் லட்சக்கணக்குல. நம்ம அரசு சட்டக் கல்லூரியில அது சில ஆயிரத்தோட முடிஞ்சிடும்.

ஆக, பதினேழு வயசுல, நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிச்சு, கிளாட்னு ஒரு பரீட்சை இருக்குன்னு சொல்லித் தர ஒரு வீடு இருந்தவங்கதான் அந்த வரிசையிலயே நிக்க முடியும். இந்தக் கொடுமையைப் பாத்துட்டுத்தான் 2010ல பேராசிரியர் ஷாம்நாத் பஷீர் 'இடியா'ன்னு ஒரு அமைப்பைத் தொடங்கி, ஏழை மாணவர்களைத் தேடிப் போய் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சார். மனுஷன் 2019ல போய்ச் சேர்ந்துட்டார். அந்த அமைப்பு இன்னும் வேலை செய்யுது. ஆனா ஓட்டைப் பானையில எத்தனை பேர்தான் தண்ணி ஊத்துறது?

அப்படியும் தப்பிப் பொழைச்சு உள்ள போனவங்களை அடுத்து வடிகட்டுறது இன்டர்ன்ஷிப். மும்பையில ஒரு மாசம். வாடகை யார் குடுப்பா? சாப்பாடு யார் போடுவா? கம்பெனி குடுக்கிற உதவித்தொகை பல இடத்துல கைச்செலவுக்கே காணாது, சில இடத்துல அதுவும் கிடையாது. மாமா வீடு பாந்த்ராவுல இருந்தா சரி. மாமா வீடு பாளையங்கோட்டையில இருந்தா?

எங்க சித்தி பொண்ணு படிச்சது தென்மாவட்டத்துல ஒரு அரசு சட்டக் கல்லூரி. வகுப்புல முதல் மூணு பேர்ல ஒருத்தி. கம்பெனிகளுக்கு மெயில் மேல மெயில் போட்டா. முக்காவாசிப் பேர் பதிலே போடல. ஒரே ஒரு இடத்துல இருந்து, "நாங்கள் கல்லூரி வேலைவாய்ப்புக் குழு மூலம் வரும் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறோம்"னு பதில். அவ கல்லூரியில அப்படி ஒரு குழுவே கிடையாது. "அண்ணா, இல்லாத ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொல்றாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப இன்டர்வியூவுக்கு வருவோம்

இத்தனை சல்லடையில சலிச்சு எடுத்த பிறகு நடக்கிற அந்த இருபது நிமிஷம், அரைமணி நேர இன்டர்வியூவுல என்ன கேப்பாங்க? கொஞ்சம் கம்பெனிச் சட்டம், கொஞ்சம் ஒப்பந்தச் சட்டம். அதுக்கப்புறம், எங்க கம்பெனி ஏன்? அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க? பொழுதுபோக்கு என்ன? பயணம் போறதுண்டா? கடைசியில ஆளு 'ஃபிட்' ஆவாரான்னு பாக்குறாங்களாம். ஃபிட்! தையல்காரர்கூட அளவெடுத்துட்டுத்தான் ஃபிட்டுன்னு சொல்வார். இவங்க பேச்சைக் கேட்டே சொல்லிடுவாங்க.

இதே அசோசியேட் உள்ள போய் முதல் மூணு வருஷம் என்ன வேலை பாக்கப் போறார் தெரியுமா? ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குதுன்னா, வாங்கப்படுற கம்பெனியோட அத்தனை ஒப்பந்தத்தையும், நிலப் பத்திரத்தையும், கடன் காகிதத்தையும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சு, எங்க வில்லங்கம் இருக்குன்னு பட்டியல் போடணும். இந்த வேலைக்கும் ஐரோப்பா டூர் போனதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

'ஃபிட்'னா நிஜத்துல என்னன்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் சோதிச்சே பாத்துட்டாங்க. நம்ம கம்பெனிகள் எதுக்கெடுத்தாலும் முன்மாதிரின்னு பாக்கிறது நியூயார்க்கையும் லண்டனையும்தான், அதனால இது நமக்கும் பொருந்தும். லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக்னு ரெண்டு ஆய்வாளர்கள். 14 நகரத்துல இருக்கிற 147 பெரிய வக்கீல் கம்பெனிகளோட 316 ஆபீசுக்கு, கற்பனையான மாணவர்கள் பேர்ல விண்ணப்பம் அனுப்பினாங்க. எல்லா விண்ணப்பத்துலயும் படிப்பு ஒண்ணு, மார்க் ஒண்ணு, அனுபவம் ஒண்ணு. மாத்தினது குடும்பப் பேரு, பொழுதுபோக்கு மாதிரி சில்லறை விஷயம் மட்டும். ஒருத்தருக்குப் பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை. இன்னொருத்தருக்கு ஓட்டப்பந்தயம், தெருவுல ஆடுற கால்பந்து, கன்ட்ரி மியூசிக். முதல் ஆள் பணக்கார வீடு, ரெண்டாவது ஆள் சாதாரண வீடுன்னு படிக்கிறவங்களுக்குப் புரியும்.

முடிவு 2016ல வெளியாச்சு. பணக்கார வீட்டு ஆணுக்கு நூத்துக்குப் பதினாறு இன்டர்வியூ அழைப்பு. சாதாரண வீட்டு ஆணுக்கு நூத்துக்கு ஒண்ணுதான். பொண்ணுங்க கதை இன்னும் விசித்திரம். சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு ஆறு, பணக்கார வீட்டுப் பொண்ணுக்கு நாலு. காரணம் என்னன்னு வக்கீல்கள்கிட்டயே கேட்டுப் பாத்தா, பணக்கார வீட்டுப் பொண்ணு கல்யாணம், குழந்தைன்னு வேலையை விட்டுப் போயிடுவாங்கிற நினைப்பு. அதாவது பணம் இருந்தாலும் பொண்ணா இருந்தா அந்தப் பணமே எதிரி. போலோ ஆடினவனுக்கு மட்டும் ரத்தினக் கம்பளம்.

இது புதுசும் இல்ல. சாண்ட்ரா டே ஓ'கானர் 1952ல ஸ்டான்ஃபோர்டுல சட்டம் முடிச்சாங்க. பொம்பளைங்கிற ஒரே காரணத்துக்காகக் கம்பெனிகள் கதவைச் சாத்துச்சு. ஒரு இடத்துல, வேணும்னா செக்ரட்டரி வேலை பாக்கலாம்னு சொன்னாங்க. அதே ஓ'கானர் 1981ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட முதல் பெண் நீதிபதி. அன்னிக்கு இன்டர்வியூ பண்ண மகான்களுக்கும் 'ஃபிட்' பத்தி அபார நம்பிக்கை இருந்திருக்கும்.

ரெண்டாவது கதவு

முதல் கதவு கிடைக்காதவங்க போறது சீனியர் சேம்பருக்கு. இங்க இன்டர்வியூங்கிற கூத்தே பெரும்பாலும் கிடையாது. "யாருப்பா அனுப்பினா?" அதுதான் முதல் கேள்வி. "அப்பா என்ன பண்றார்?" அது ரெண்டாவது. "வீட்டுல யாராவது ஃபீல்டுல இருக்காங்களா?" மூணாவது. எங்க சித்தி பொண்ணு சென்னையில ஏறின நாலு சேம்பர்லயும் இதே மூணு கேள்வி, இதே வரிசையில. என்ன படிச்சேன்னு ஒருத்தர் கேட்டாராம், அதுவும் எந்தக் காலேஜ்னு தெரிஞ்சுக்க. சித்தப்பாவுக்கு டீக்கடை. "டீக்கடை"ன்னு சொன்னதும் ஒரு சீனியர், "பரவால்லம்மா, கஷ்டப்பட்டு படிச்சிருக்க"ன்னு பாராட்டினார். பாராட்டோட சரி.

சம்பளம்? அந்த வார்த்தையை எடுத்தாலே, "தொழில் கத்துக்க வந்தியா, காசுக்கு வந்தியா?" ரெண்டுக்கும்தான் சாமி வந்திருக்கா! திருவல்லிக்கேணியில ஹாஸ்டல்காரம்மாகிட்ட "தொழில் கத்துக்கிட்டு இருக்கேன், வாடகை அப்புறம் தர்றேன்"னு சொல்ல முடியுமா?

2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவனிச்சு ஒரு உத்தரவு போட்டுச்சு. சென்னை, மதுரை, கோவையில ஜூனியர்களுக்கு மாசம் குறைஞ்சது 20,000 ரூபாய், மத்த இடங்கள்ல 15,000 குடுக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்புங்கன்னு தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்குச் சொன்னாங்க. இலவசமா வேலை வாங்குறது சுரண்டல்னு நீதிமன்றமே சொல்ற நிலைமை. அதே வருஷம் அக்டோபர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000னு ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. ஆனா அதுல ஒரு கொக்கி. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லையாம். கொத்தனார் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் குறைஞ்சபட்சக் கூலி சட்டத்துல இருக்கு. அந்தச் சட்டத்தை வெச்சு கோர்ட்ல வாதாடுற வக்கீலோட ஜூனியருக்கு மட்டும் பரிந்துரை!

இதுல உச்சகட்ட வேடிக்கை ஒண்ணு சொல்றேன். அம்பேத்கர் லண்டன்ல பாரிஸ்டர் முடிச்சுட்டு வந்து 1923ல பம்பாய் உயர் நீதிமன்றத்துல தொழிலை ஆரம்பிச்சார். கொலம்பியா, லண்டன்னு அவர் படிச்ச படிப்புக்கு அந்தக் கட்டடத்துல ஈடு சொல்ல ஆள் இல்ல. ஆனா அந்தக் காலத்துல வழக்கு சாலிசிட்டர் கம்பெனிகள் வழியாத்தான் வரணும். தீண்டத்தகாதவர்னு சொல்லி அவங்க அவர்கிட்ட வழக்கு குடுக்கல. இன்னிக்கு தமிழ்நாட்டுல சட்டக் கல்லூரிக்கு அவர் பேரு, சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பேரு. அந்தப் பேர் போட்ட சான்றிதழோட வர்ற புள்ளைங்க விண்ணப்பத்தைத்தான் இந்தக் கம்பெனிகள் திறந்துகூட பாக்குறதில்ல. நூறு வருஷத்துல மாறினது காரணத்தோட பேரு மட்டும்தான்.

வழக்கமா வர்ற பதில்கள்

1. "நல்ல காலேஜ்லதான் நல்ல ஆள் இருப்பான்." நல்ல ஆள் நிறைய இருப்பாங்க, சரி. ஆனா அங்க மட்டும்தான் இருப்பாங்கன்னு எந்தச் சோதனை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க? சோதனையே வைக்கலையே. பதினேழு வயசுல ஒரு பரீட்சையில எடுத்த மார்க்கை இருபத்திரண்டு வயசு வரைக்கும் தூக்கிட்டு அலையிறதுக்குப் பேரு தரமா?

2. "கிளையன்ட் நல்ல இங்கிலீஷ், நல்ல தோரணை எதிர்பார்ப்பார்." முதல் மூணு வருஷம் கிளையன்ட் கண்ணுலயே இந்தப் புள்ளைங்களைக் காட்டறதில்ல. காகிதக் குவியலுக்கு நடுவுல உக்கார வைக்கிறீங்க. அந்த மூணு வருஷத்துல தோரணை தன்னால வந்துட்டுப் போகுது.

3. "எங்களுக்கும் செலவு இருக்கு, எல்லாக் காலேஜுக்கும் போக முடியாது." யாரும் வரச் சொல்லல. இணையத்துல ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைங்க, அவங்களே வருவாங்க.

4. "உங்க சாஃப்ட்வேர்காரங்க மட்டும் யோக்கியமா?" இல்லவே இல்ல. பத்தாவதுல இருந்து அறுபது சதவீதம் வேணும்கிற முட்டாள்தனம், குரூப் டிஸ்கஷன்ல கத்துறவனுக்கு வேலை, எல்லாம் இங்கயும் உண்டு. ஆனா ஒண்ணு. கடைசியில ஒரு கணக்கைக் குடுத்து புரோகிராம் எழுதச் சொல்வோம். ஓடுச்சா, ஓடலையா. கம்ப்யூட்டருக்கு உங்க அப்பா யாருன்னு தெரியாது. டி.சி.எஸ்.சும் காக்னிசன்ட்டும் பொட்டல்காட்டு நடுவுல இருக்கிற இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் வந்து பரீட்சை வெச்சதாலதான் குடும்பத்துல முதல் பட்டதாரிங்க ஆயிரக்கணக்குல இந்தத் தொழிலுக்குள்ள வந்தாங்க. அந்த ஒரு நல்ல விஷயத்தையாவது காப்பி அடிங்க.

என்ன பண்ணலாம்?

ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் வேண்டாம். பன்னெண்டு பக்கத்துக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம் குடுங்க. நாலாவது பத்தியும் ஒன்பதாவது பத்தியும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கிற மாதிரி, ஒரு தேதி தப்பா, ஒரு பக்கம் சாயுற மாதிரி ஒரு ஷரத்து. ரெண்டு மணி நேரம். வில்லங்கத்தை எல்லாம் கண்டுபிடிச்சு, கிளையன்ட்டுக்குப் புரியுற மாதிரி ஒரு பக்கத்துல எழுதச் சொல்லுங்க. திருத்துறவர் கையில பேரு, காலேஜ், ஊரு எதுவும் போகக் கூடாது. தேறினவங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேளுங்க. இன்டர்ன்ஷிப்புக்கு வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகுற அளவுக்குக் காசு குடுங்க. சேம்பர்ல அந்த 20,000ஐப் பரிந்துரையா இல்லாம கட்டாயமாக்குங்க.

வேலையோட சாம்பிளை செய்ய வெச்சுப் பாக்கிறதும், எல்லாருக்கும் ஒரே கேள்வி கேக்கிறதும், மனசுக்குத் தோணுறதைக் கேக்கிற இன்டர்வியூவை விட நல்லா ஆளைக் காட்டிக் குடுக்கும்னு உளவியல்காரங்க பல வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்காங்க. லண்டன்ல கிளிஃபோர்ட் சான்ஸ் மாதிரி ஒரு ஜாம்பவான் கம்பெனியே பத்து வருஷத்துக்கு முன்னாடியே, கடைசி இன்டர்வியூ நடத்துறவங்களுக்கு மாணவர் எந்தப் பல்கலைக்கழகம்னு சொல்லாத முறையைக் கொண்டு வந்துச்சு. கம்பெனி ஒண்ணும் மூழ்கிடல.

"தனியார் கம்பெனி, அவங்க இஷ்டம், உனக்கு என்ன?"ன்னு கேக்குறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. உயர் நீதிமன்ற நீதிபதி ஆகுறதுக்கு இருக்கிற முக்கிய வழி, பத்து வருஷம் வக்கீலா தொழில் பண்றது. அரசியல் சாசனம் 217வது பிரிவு. அந்தப் பத்து வருஷத்துல முதல் மூணு வருஷத்தைச் சம்பளம் இல்லாம, அப்பா காசுல ஓட்ட முடிஞ்சவங்கதான் பாக்கி ஏழு வருஷம் களத்துல இருப்பாங்க. நாளைக்கு உங்க நிலத் தகராறுக்கும், உங்க தங்கச்சி வழக்குக்கும், உங்க ஊர் ஏரிக்கும் தீர்ப்பு சொல்லப் போறவர் யாருன்னு இன்னிக்கு ஒரு சேம்பர் மாடிப்படியில, "யாருப்பா அனுப்பினா?"ங்கிற கேள்வியில முடிவாயிடுது. இதுல எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு.

டிஸ்கி 1: நல்ல சீனியர்கள் இருக்காங்க. ஜூனியருக்குச் சம்பளமும் குடுத்து, கோர்ட்ல எழுந்து பேசவும் விடுறவங்க. அவங்களை யாரும் இங்க திட்டல. அவங்க எண்ணிக்கை ஏன் இவ்வளவு கம்மிங்கிறதுதான் கேள்வி.

டிஸ்கி 2: வக்கீல் பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து வாதாடலாம். உங்க அப்பா என்ன பண்றார்னு கேக்க மாட்டேன்.